கிழக்கே ஒரு ஜன்னல்

கிழக்குப் பார்த்த அறையில் படுத்தால் மனக்கவலை தீரும் என்கிறாரே எங்கள் வாஸ்துக்காரர், நம்பலாமா?

வாஸ்துக்காரரை விடுங்கள், மிலான் டாக்டர்களைக் கேளுங்கள்! அங்குள்ள சான் ரஃபேலே மருத்துவமனையில் இருதுருவ மனச்சோர்வுக்காகச் சேர்ந்தவர்களில், கிழக்கு அறைக்காரர்கள் மேற்கு அறைக்காரர்களைவிடச் சராசரியாக மூன்றரை நாளுக்கு மேல் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். 2001-இல் வெளியான ஆய்வு இது. திசை செய்த வேலை இல்லை. கண்ணில் படும் காலை வெளிச்சம்தான் மூளையின் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. ராத்திரி இரண்டு மணிவரை செல்போன் பார்த்துவிட்டுப் பத்து மணிக்கு எழுந்தால், கிழக்கு அறையும் மேற்கு அறைதான்!

ஒன்று முக்கியம்: அவர்களுக்கு வெயில் உதவியது, டாக்டர்கள் தந்த சிகிச்சையோடு சேர்ந்து. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜன்னலை மட்டும் திறக்காதீர்கள், தயவுசெய்து.