எஸ்எம்பிஎஸ் லேபிளின் மெய்க்கீர்த்தி: பழைய கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு மாற்றுதல் குறித்த ஓர் ஆராய்ச்சி

திரையில் படம் தீட்டுவதற்கென்றே தனிச் செயலியும் தனி நினைவகமும் கொண்டு மதர்போர்டில் செருகப்படும் அட்டையே கிராபிக்ஸ் கார்டு எனப்படும். பழைய கம்ப்யூட்டரில் இதனைப் புதிதாகப் பொருத்த விழையும் இளைஞர் வீட்டாரிடம் கூறும் காரணங்கள் ஆட்டோகேட் பயிலுதல், வீடியோ எடிட்டிங் பழகுதல், கல்லூரி புராஜெக்ட் முடித்தல் என மூவகைப்படும். பொருத்திய பின் நிகழும் காரியமோ கேம் ஆடுதல் என்னும் ஒரே வகையில் அடங்கிவிடும். காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையிலான இம்முரண் தத்துவ நூலார்க்கு உரியது ஆதலின் ஈண்டு விடப்படுகிறது. கார்டுக்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வருகிறது, வராதபோது பழி யார்மேல் விழுகிறது என்னும் இரண்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாக மாற்றித் தரும் இரும்புப் பெட்டிக்கு எஸ்எம்பிஎஸ் என்று பெயர். இது கேபினெட்டின் மூலையில், தூசி படிந்த விசிறியோடு, ஒருவராலும் திரும்பிப் பார்க்கப்படாமல் கிடப்பது. பிராசசர் வாங்கும்போது நான்கு கடை ஏறி இறங்குவோரும், ரேம் வாங்கும்போது அதன் வேகத்தை விசாரிப்போரும், எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினெட்டோடு இலவசமாக வரும் ஒரு பொருளாகவே கருதிவந்துள்ளனர். கேபினெட்டோடு வந்தது அப்படித்தான் இருக்கும் என்பது பின்னர் அறியப்படும்.

அப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டுள்ள லேபிளே இவ்வாராய்ச்சிக்கு முதன்மைச் சான்று. சோழர் கல்வெட்டுகளில் மன்னனின் வெற்றிகளைப் புகழ்ந்து பாடும் மெய்க்கீர்த்தி முதலில் வரும். எவ்வளவு நிலம், எவ்வளவு நெல், யாருக்கு என்னும் செய்தி அதன் பின்னரே வரும். மலிவான எஸ்எம்பிஎஸ் லேபிளும் இம்மரபையே பின்பற்றுகிறது. மேலே பெரிய எழுத்தில் காணப்படும் ‘500 வாட்’ என்பது மெய்க்கீர்த்தி. கீழே பொடி எழுத்தில், கண்ணாடி போட்டவரும் கண் சுருக்கிப் படிக்க வேண்டிய கட்டத்தில், ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எத்தனை ஆம்பியர் என்று குறிக்கப்பட்டிருக்கும். தானச் செய்தி அதுதான். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். 12 வோல்ட் கட்டத்தில் 14 ஆம்பியர் என்றிருந்தால் அவ்வழியே வருவது 168 வாட் மட்டுமே. மீதி எங்கே என்பார்க்கு விடை: ஒரு பகுதி 5, 3.3 வோல்ட் கட்டங்களில் உள்ளது. எஞ்சிய பகுதி அச்சகத்தில் உள்ளது.

5 வோல்ட்டில் இருப்பதும் மின்சாரம்தானே, அதைக் கார்டு எடுத்துக்கொள்ளலாகாதோ எனின், ஆகாது. பழைய பென்டியம் காலத்து மதர்போர்டுகள் பிராசசருக்கான மின்சாரத்தைப் பெரிதும் 5 வோல்ட் வழியிலிருந்தே பெற்றன. ஆகவே அக்காலத்து எஸ்எம்பிஎஸ்ஸுகளின் பலமும் அங்கேயே குவிந்திருந்தது. பென்டியம் 4 தொட்டு பிராசசர் 12 வோல்ட்டுக்கு மாறியது. கிராபிக்ஸ் கார்டும் பசியெடுத்தபோது அதே பந்தியில்தான் வந்து அமர்ந்தது. 95 வாட் பிராசசர் ஒன்றும் ஹார்ட் டிஸ்க், விசிறிகள் முதலியனவும் மேற்கண்ட 168 வாட்டில் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின் கார்டுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கார்டு செருகப்படும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தன் வழியே தரக்கூடிய உச்ச அளவு 75 வாட். அதிலும் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட்தான். அதற்கு மேல் வேண்டும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரே தனி வயர் வர வேண்டும். 6 பின் இணைப்பு 75 வாட்டும் 8 பின் இணைப்பு 150 வாட்டும் தரும் என்பது விதி. இவ்விதியைத் தயாரிப்பாளரும் சில வேளை மறந்ததுண்டு. 2016 ஜூனில் வெளிவந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 ஸ்லாட்டிலிருந்து வரம்புக்கு மேல் மின்சாரம் இழுப்பது கண்டறியப்பட்டு, அடுத்த மாதமே டிரைவர் மென்பொருளை மாற்றி அதன் பசியை அடக்க வேண்டியதாயிற்று.

தனி வயர் கேளாமல் ஸ்லாட் தருவதைக் கொண்டே காலம் தள்ளும் கார்டுகளும் உண்டு. 2014-ல் வந்த 60 வாட் ஜிடிஎக்ஸ் 750 டிஐ இவ்வினத்தில் புகழ்பெற்றது. 2016-ன் 1050 டிஐ, 2019-ன் 1650 ஆகிய 75 வாட் கார்டுகள் அதன் வழித்தோன்றல்கள். அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து இரண்டாம் கையாக வந்த கம்ப்யூட்டருக்கு ஏற்றவை இவையே என்பது இக்கட்டுரையின் துணிபு. இவற்றிலும் சில தயாரிப்பாளர் 6 பின் வாயை வைத்து விற்றதால், வாங்குமுன் கார்டின் ஓரத்தைப் பார்த்துக்கொள்வது நலம்.

6 பின் வயர் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கன்வர்ட்டர் வயர் போட்டுக்கொள்ளலாம் என்பது ஒரு சாரார் கொள்கை. ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா மின் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள், முனைக்கு 1.5 ஆம்பியர், ஆக 54 வாட். அதிலிருந்து 75 வாட் கேட்கும் 6 பின்னுக்கு வயர் இழுப்பவர் இல்லாத 21 வாட்டைப் பிளாஸ்டிக்கிடம் கேட்கிறார். பிளாஸ்டிக் உருகித் தன் இயலாமையைத் தெரிவிக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றுவதே முறை. அதற்கும் இடையூறு உண்டு: 2013-ல் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 போன்ற அலுவலகக் கம்ப்யூட்டர்கள் வழக்கமான 24 பின்னை விட்டுத் தமக்கென 8 பின் இணைப்பை வைத்துக்கொண்டுள்ளன. கேபினெட்டின் உயரம், கார்டின் நீளம், பழைய பயாஸ் புதிய கார்டை அடையாளம் காணாமை ஆகியன வேறு இடத்தில் விரித்துரைக்கத் தக்கவை.

இனி, பழி. மின்சாரம் போதாத கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்பில் நாள் முழுதும் சாதுவாக இருக்கும். கேம் திறந்து, வெடிகுண்டு வெடித்துப் புகை கிளம்பும் காட்சியில் கார்டு உச்ச மின்சாரம் கேட்கும் நொடியில் தானே ரீஸ்டார்ட் ஆகும். முதற்பழி வைரஸுக்குச் செல்லும். தெருமுனை சர்வீஸ்காரர் ஃபார்மட் அடித்துக் கொடுப்பார். அடுத்த பழி விண்டோஸுக்கு, அதற்கடுத்தது ரேமுக்கு. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டுவது இக்கட்டத்துக்குரிய சடங்கு. 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருந்து அது கீச்சிடத் தொடங்கினால் அதன் பேட்டரிக்கும் பழி உண்டு. 600 விஏ எனப் பெயரிருப்பினும் பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும் அந்த யுபிஎஸ்ஸும் மெய்க்கீர்த்தி மரபைச் சேர்ந்ததே. எஸ்எம்பிஎஸ்மீது ஐயம் எழுவது கருகல் வாடை வந்த பின்னரே.

இறுதியாக, கரண்ட் பில் ஏறியதற்குக் கார்டே காரணம் என்னும் தந்தையர் வாதம். கார்டு கூடுதலாக 100 வாட் இழுப்பதாகவும் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் கேம் ஆடப்படுவதாகவும் கொண்டால், தமிழ்நாட்டில் பில் போடப்படும் இரண்டு மாதத்துக்கு ஆவது 24 யூனிட். 1,500 வாட் இழுக்கும் ஏசி அதே 24 யூனிட்டை 16 மணி நேர ஓட்டத்தில் தீர்த்துவிடும். அந்த ஏசி பெரும்பாலும் வாதம் தொடுப்பவர் உறங்கும் அறையிலேயே மாட்டப்பட்டிருக்கிறது.