ஐராவதம் எடுத்த காண்ட்ராக்ட்

ஆற்றின் சரித்திரத்தைத் தலைமதகில் உட்கார்ந்து எழுதியவர்கள் அநேகம். கடைமடைக்காரன் எழுதியது குறைவு. தண்ணீர் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பதிலேயே அவன் ஆயுசு போய்விடும், பேனாவை எப்போது எடுப்பான்? அஞ்சுகிராமம் கடைமடை. எங்களைத் தாண்டினால் ராதாபுரம் தாலுகா, குமரி மாவட்டமே முடிந்துபோகிறது. பழையாறு எங்களைச் சட்டை செய்வதில்லை. சுருளோடு பக்கத்து மலைகளில் பிறந்து, பூதப்பாண்டி, நாகர்கோவில், சுசீந்திரம் என்று பெரிய இடங்களாகப் பார்த்து விருந்துக்குப் போய்விட்டு, மணக்குடியில் கடலில் விழுந்துவிடும். எங்களுக்கு வருவது சானல் தண்ணீர். மேலே உள்ள எல்லாரும் குளித்து, எருமையைக் குளிப்பாட்டி, வயலுக்கும் பாய்ச்சி முடித்தபின் மனசிருந்தால் வரும்.

பழையாற்றை முதலில் வெட்டியது யானை. நான் சொல்லவில்லை, சுசீந்திரம் தலபுராணம் சொல்கிறது. அகலிகை விவகாரத்தில் கௌதமரிடம் சாபம் வாங்கிய இந்திரன், உடம்பெல்லாம் மானக்கேட்டை ஒட்டவைத்துக்கொண்டு ஞானாரண்யம் என்ற சுசீந்திரத்துக்கு வந்து சேர்ந்தான். பூசை செய்யத் தண்ணீர் வேண்டும். தேவலோகத்து ராசா குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பானா? ஐராவதத்தைக் கூப்பிட்டான். அது மலையிலிருந்து கொம்பால் தரையைக் கீறிக்கொண்டே வர, பின்னாலேயே தண்ணீரும் வந்தது. சர்வே இல்லை, டெண்டர் இல்லை, நிலம் எடுப்பு வழக்கு இல்லை.

பேச்சுவார்த்தை இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்:

“எசமான், கிழக்குக் கோடியில அஞ்சுகிராமம்னு ஒரு ஊரு வரப்போவுதாம். அப்படியே ஒரு இழுப்பு இழுத்துவிடட்டுமா?”

“அதுக்குத் தனி எஸ்டிமேட் போடணும். இப்போ எனக்குக் குளிக்கணும்.”

அன்றைக்குத் தள்ளிவைத்த எஸ்டிமேட் இன்னும் திரும்பி வரவில்லை. இந்திரன் சாபம் நீங்கிச் சுத்தமானான். இன்றைக்கும் ராத்திரி நடை சாத்தியபின் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு அவனே வந்து பூசை செய்கிறான் என்பது ஐதீகம். ஒவ்வொரு ராத்திரியும் அபிஷேகத்துக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று பொதுப்பணித்துறை கணக்கெடுத்தால் தேவலை.

இந்த ஆற்றுக் கதையைப் பெரிதாகச் சொன்னால் சீனாக்காரன் சிரிப்பான். அவனுடைய மஞ்சள் ஆறு 5,464 கிலோமீட்டர். எங்கள் பழையாற்றை அதன் கரையிலுள்ள ஒரு தாலுகாவுக்குள் சுருட்டி வைத்துவிடலாம். சிங்காய் மாகாணத்து மலைகளில் புறப்பட்டு, வழியில் மஞ்சள் மண்ணை அள்ளி அள்ளிக் குழம்பாகி, போஹாய் கடலில் விழுகிறது. ஆனால் கதை நம்முடைய ஜாதிதான். ஆதியில் பெருவெள்ளம். குன் என்பவன் ஒன்பது வருஷம் கரை கட்டித் தடுத்துப் பார்த்தான், முடியவில்லை, தலை போயிற்று. மகன் யூ கட்டுகிற வேலையை விட்டுவிட்டு வெட்டுகிற வேலையை எடுத்தான். தண்ணீருக்குக் கடல்வரை வழி விட்டான். 13 வருஷம் மண்ணில் கிடந்தான். அந்தக் காலத்தில் மூன்று தடவை சொந்த வீட்டு வாசலைக் கடந்தும் உள்ளே நுழையவில்லையாம். சீனர்கள் இதைக் கடமையுணர்ச்சி என்று கொண்டாடுகிறார்கள். வீட்டுக்காரியின் வாக்குமூலத்தை யாரும் வாங்கிவைக்கவில்லை. யூவுக்குக் கூலியாகக் கிடைத்தது அரியணை. சியா வம்சமே அவனிடமிருந்துதான் என்பார்கள். ஐராவதத்துக்கு ஒரு கட்டுக் கரும்பு கொடுத்ததாகக்கூட நான் கேள்விப்படவில்லை.

யானை வெட்டியதும் போதவில்லை. அடுத்து வந்தவர்கள் பாண்டியர்கள். பரளியாறு பாட்டுக்கு மேற்கே போய்க்கொண்டிருந்தது. கோதையாற்றோடு சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலைத் தொடுவது அதன் திட்டம். பெருஞ்சாணிப் பக்கத்தில் குறுக்கே ஓர் அணையைப் போட்டு, பாறையை வெட்டிக் கால்வாய் இறக்கி, தண்ணீரைக் கிழக்கே பழையாற்றில் தள்ளிவிட்டார்கள். ராசசிம்ம பாண்டியன் வேலை என்பது ஊர் வழக்கு. பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ராத்திரியோடு ராத்திரியாக மொண்டால் அது களவு. பக்கத்து ஆற்றையே மொண்டால் அது பாசனம்; நாஞ்சில் நாடு நெற்களஞ்சியம் ஆனது அப்படித்தான். சங்கப் பாட்டில் வரும் பஃறுளியாறு இந்தப் பரளியாறுதான் என்று மேசையைத் தட்டிச் சொல்லும் தமிழாசிரியர்கள் எங்கள் பக்கம் உண்டு. கடல் கொண்டது மெய்யோ பொய்யோ, பாண்டியன் கொண்டதற்குப் பாண்டியன் கால் என்ற அந்தக் கால்வாய் இன்னும் சாட்சியாக ஓடுகிறது.

பிறகு மார்த்தாண்டவர்மா. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, பிடிபட்ட டிலனாயையே தன் படைக்குத் தளபதியாக வைத்துக்கொண்ட மனுஷன். ஆற்றிடம் மட்டும் தயவு தாட்சண்யம் பார்ப்பாரா? புத்தன் அணையைக் கட்டி, பத்மநாபபுரம் பக்கத்துக்குக் கொஞ்சம் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார். பாண்டியன் கிழக்கே இழுத்தான், இவர் மேற்கே இழுத்தார். நடுவில் பரளியாற்றை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியாக ஒரு வெள்ளைக்காரர். மூலம் திருநாள் மகாராசா காலத்தில், 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்த பேச்சிப்பாறை அணை. கட்டியவர் ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின் என்ற பொறியாளர். காடு, மலைச்சுரம், அட்டை, எல்லாவற்றுக்கும் மேலே பேச்சியம்மன். ஊர்க்காரர்கள் சொல்லும் கதையில் பேச்சியின் சம்மதம் இல்லாமல் ஒரு கல் நிற்காது. மிஞ்சினும் கடைசியில் கும்பிட்டுத்தான் காரியத்தை முடித்தாராம். ராயல் சொசைட்டிக்கு இது தெரிந்திருந்தால் வருத்தப்பட்டிருக்கும். மனிதர் வேலை முடிந்ததும் கப்பலேறி ஊருக்குப் போய்ச் சேரவில்லை. 1913-ல் செத்தபோது அணைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். விவசாயிகள் மாலை போடுவார்கள். நாங்களும் போடத் தயார்தான். மாலை கட்டப் பூ பூக்க வேண்டும், பூ பூக்கத் தண்ணீர் வேண்டும்.

சரியாகப் போனால் சூன் மாதம் கன்னிப்பூ சாகுபடிக்கு அணை திறப்பார்கள். மந்திரி, கலெக்டர், கரைவேட்டிகள் எல்லாரும் மதகில் நின்று மலர் தூவுவார்கள். மறுநாள் பேப்பரில் ‘கடைமடை வரை தண்ணீர்’ என்று போட்டிருக்கும். தூவிய பூ எங்களூர் மடைக்கு வந்து சேர்ந்ததாக இதுவரை புகார் இல்லை.

வயிற்றெரிச்சல் தீர மறுபடி சீனாவைப் பார்த்தேன். 1997-ல் மஞ்சள் ஆறு 226 நாள் கடலையே எட்டவில்லை. மேலே இருந்த மாகாணங்கள் எல்லாம் குடித்துவிட்டன. ஆக, யூ வெட்டிய ஆற்றுக்கும் கடைமடை உண்டு, அங்கேயும் ஒருவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வடிமடையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான். ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. பிறகு படித்தால், 1999 முதல் ஆறு முழுவதற்கும் ஒரே கையில் கணக்கை வைத்து, யாருக்கு எவ்வளவு என்று அளந்து விட்டதில், அதன்பின் வறளாமல் கடல்வரை போகிறதாம். அந்தப் பக்கத்தை அதோடு மூடினேன்.

கடைமடை என்பது எங்களோடு முடிகிறது என்றும் நினைக்க வேண்டாம். கிழக்கே ராதாபுரம் சானலை நம்பி ஒரு கூட்டம் இருக்கிறது. எங்களுக்கு மேலே உள்ள தோவாளைக்காரனை நாங்கள் என்னென்ன வார்த்தை சொல்லித் திட்டுகிறோமோ, அதே வார்த்தைகளை அட்சரம் பிசகாமல் அவர்கள் எங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

“அண்ணாச்சி, எங்க பங்கு எங்க?” என்று கேட்டு வருவார்கள்.

மடைப் பலகையைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத் திரும்பி, “மேலேருந்தே வரலைடே” என்று சொல்லி அனுப்புவோம்.