வெற்றோட்டம்: மருத நிலத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் விடியற்காலையில் ஒருவர் ஓடினால் மூன்று காரணங்களே இருக்க முடியும் என்பது ஊர் முடிவு. நெய்வேலி ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டிருக்க வேண்டும். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அல்லது போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராக வேண்டும். இம்மூன்றிலும் அடங்காமல், பரிசு வாங்கும் திறமையோ எண்ணமோ இல்லாமல், மீசை முளைத்த காலத்தில் தொடங்கி அது நரைத்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இனம் உண்டு. இவ்வினத்தாரை வெற்றோட்டர் என்போம். முன்னோர் எவரும் இவர்களை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஆராயும் அளவுக்கு ஒன்றுமில்லை என்று விட்டிருக்கலாம். அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆராய்பவரும் ஆராயப்படுபவரும் ஒருவரே என்பதால் களப்பணிக்குச் செலவில்லை.

தமிழில் எதை ஆராய்ந்தாலும் முதல், கரு, உரி என்று தொடங்குவதே முறை. வளையமாதேவி நெல் விளையும் ஊர், ஆகவே மருதம். மருதத்துக்குத் தொல்காப்பியர் வகுத்த சிறுபொழுது வைகறையும் விடியலும், உரிப்பொருள் ஊடல். வெற்றோட்டர் வைகறையில் எழுகிறார், விளக்கைப் போடாமல் ஷூவைத் துழாவுகிறார், கட்டில் காலில் இடித்துக்கொள்கிறார், வீட்டையே எழுப்பிவிட்டுக் கிளம்புகிறார். திரும்பி வருகையில் உரிப்பொருள் வாசலில் கோலமாவுக் கிண்ணத்துடன் நிற்கிறது. இலக்கணம் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தும் இடம் வேறு இருக்குமா என்பது ஐயமே.

கருப்பொருளில்தான் சிறு திரிபு. மருதத்துக்குரிய விலங்கு எருமையும் நீர்நாயும். எருமை இன்றும் இருக்கிறது. சாலை நடுவில் நின்று, வழிவிடும் எண்ணமே இல்லாமல் நம்மைப் பார்க்கிறது. நீர்நாயின் இடத்தைத் தெருநாய் பிடித்துக்கொண்டது. அது நடப்பவரைச் சட்டை செய்வதில்லை. ஓடுபவரைக் கண்டால் மட்டும், பாவம், துரத்த ஆளில்லாமல் ஓடுகிறாரே என்று உதவிக்கு வந்துவிடுகிறது. கல் எடுப்பதுபோல் குனிந்தால் போதும். கல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் அப்படிக் குனிகையில் இடுப்பு பிடித்துக்கொள்வதையும், நாய் அதைப் புரிந்துகொள்வதையும் தனிக் கட்டுரையாக எழுத வேண்டும்.

முதற்பொருளான நிலம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2023 ஜூலையில், என்.எல்.சி.யின் இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, இவ்வூரில் நின்ற பச்சை நெற்பயிர் மேல் பொக்லைன்கள் இறங்கின. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்றார்கள் உழவர்கள். சென்னை உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே கேட்டது. வயலைத் தோண்டிவிட்டால் மருதம் எந்தத் திணையில் சேரும் என்று இலக்கண நூல்களில் விதியில்லை. பாலையின் உரிப்பொருள் பிரிவு என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போகிறேன்.

இனிக் காரணங்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதற்காக ஓடும் பையன்களைப் போல் மனம் ஒன்றி ஓடுபவர் இவ்வுலகில் இல்லை. ஆனால் வேலை கிடைத்தவர் அன்றோடு நிறுத்துகிறார்; கிடைக்காதவர் வயது வரம்பு தாண்டியதும் நிறுத்துகிறார். தொப்பைக்காக ஓடுபவர், தொப்பை குறைந்தால் நிறுத்துகிறார். குறையாவிட்டால் இன்னும் சீக்கிரமாக நிறுத்துகிறார். காரணம் நிறைவேறினாலும் ஆபத்து, பொய்த்தாலும் ஆபத்து. கனமான காரணம் எதுவும் வெகுதூரம் ஓடுவதில்லை என்பது நமது முதல் கண்டுபிடிப்பு.

ஆயுளுக்காக ஓடலாமே என்பர். அமெரிக்கர் ஜிம் ஃபிக்ஸ் அப்படித்தான் ஊரையே ஓட வைத்தார். 35 வயதில் சிகரெட்டையும் பருமனையும் விட்டு ஓடத் தொடங்கியவர். 1977இல் அவர் எழுதிய ஓட்ட நூல் விற்றுத் தள்ளியது. 1984இல், 52 வயதில், ஓடப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். பார்த்தீர்களா, ஓட்டம் கொன்றுவிட்டது என்றது ஒரு கட்சி. அவர் தகப்பனார் 43 வயதிலேயே இதயநோயால் போனவர், ஓட்டம்தான் மகனுக்குச் சில ஆண்டுகளைச் சேர்த்துக் கொடுத்தது என்றது மறு கட்சி. இரண்டையும் நிரூபிக்க, ஓடாத இன்னொரு ஃபிக்ஸ் வேண்டும். கைக்குக் கிடைக்காத அந்த ஆளை நம்பி யார் தினமும் காலையில் எழுவார்?

மாறாக, 1970 பாஸ்டன் மாரத்தானை வென்ற இங்கிலாந்துக்காரர் ரான் ஹில்லைப் பாருங்கள். 1964 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரி வரை ஒரு நாளும் விடாமல், குறைந்தது ஒரு மைலாவது ஓடினார். காலில் அறுவை செய்த பின்பும் ஊன்றுகோலோடு அந்த மைலை முடித்தார். இதய வலி வந்த பிறகே நிறுத்தினார். பாஸ்டன் வெற்றி இத்தனை ஆண்டு இழுத்திருக்காது. நேற்று ஓடினோம் என்பதே இன்று ஓடப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இதைவிட அற்பமான காரணம் கிடையாது. இதைவிட உழைத்த காரணமும் கிடையாது.

இக்கட்டுரையாளரின் சொந்தக் காரணங்களும் அத்தரத்தவையே. மார்கழியில் பனி இறங்கிய வயலோரம் மூச்சு புகையாக வருவதைப் பார்க்கலாம். அந்நேரத்தில் யாரும் போனில் கூப்பிட மாட்டார்கள். ஓடி முடித்துக் குடிக்கும் டீக்கு, ஓடாத நாளில் இல்லாத ருசி உண்டு. இவற்றை வெளியே சொல்ல முடியாது. அதனால் "ஏன் தம்பி இந்த வயசுல ஓடுறீங்க?" என்ற டீக்கடைக்காரரிடம், "சுகருண்ணே" என்று சொல்லிவைத்தேன். தமிழ்நாட்டில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவர் என் டீயில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டார். நல்ல காரணம் ஒன்றைச் சொல்லப் போய் உண்மைக் காரணம் ஒன்று கெட்டது.

இதைவிடப் பெரிய ஆபத்து வீட்டில் உருவாகி வருகிறது. "ஓடுறதுதான் ஓடுறீங்க, வர்றப்ப அரை லிட்டர் பால் வாங்கிட்டு வரக் கூடாதா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலுக்காக ஓடுபவர், பால்காரர் வீட்டுக்கே வந்து ஊற்றத் தொடங்கும் நாளில் நின்றுவிடுவார் என்பதை மேற்கண்ட சான்றுகள் ஐயமற நிறுவுகின்றன. எனவே ஆய்வின் தூய்மையைக் காக்கும் பொருட்டு அவ்வப்போது பாலை மறந்துவிட்டு வருகிறேன். இந்த வாதம் வீட்டில் இன்னும் ஏற்கப்படவில்லை.