புலி இல்லாத ஊரில் புலிப் பயம்

கேள்வி: திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, உயிர் போய்விடும்போல் இருக்கிறது. ஈ.சி.ஜி. எடுத்தால் நார்மல். இது என்ன? (வாசகர், பெரம்பூர்)

பதில்: பேனிக் அட்டாக்காக இருக்கலாம். புலியே இல்லாத பெரம்பூரில், புலியைக் கண்டதுபோல் உடல் ஓடத் தயாராகும் நிலை அது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலெழும்புகிறது. பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சம் தொட்டுத் தானே தணியும். 1975-லேயே பைபாஸ் அறுவை சிகிச்சை செய்த ரயில்வே மருத்துவமனை உள்ள ஊரில், நெஞ்சைப் பிடித்தால் இதயம்தான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை, முதலில் இதயத்தையும் தைராய்டையும் சோதிப்பதே முறை. இரண்டும் சரியென்றால் அடுத்து மனநல மருத்துவர்.

தாக்குதலைவிட, அது மறுபடி வருமோ என்ற பயமே ஆளை முடக்குகிறது. மின்சார ரயிலில் ஒருமுறை வந்தால் ரயிலையே தவிர்ப்பார்கள். பிறகு சந்தை, பிறகு வீட்டு வாசல். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இந்தத் தவிர்ப்பைத்தான் குறிவைக்கிறது. படபடப்பு ஆபத்தல்ல என்று பழக்கி, படிப்படியாக மறுபடி ரயிலேற வைக்கிறது.

செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் போன்ற மாத்திரைகள் பலன்தரச் சில வாரங்கள் ஆகும். அவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது. அல்பிரசோலம் உடனே அமைதி தரும், ஆனால் பழக்கமாகிவிடும். மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் மாத்திரை அல்ல அது.

1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை பக்கத்திலேயே, கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவிலும் தமிழில் பேசலாம்.