முந்தி கேட்குது, விலை கேட்கல

ஆரணியை ஒட்டிய சேவூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே பேச்சைக் கேட்டுப் பழகிய காதுகளையும் வைஃபை அழைப்பு தோற்கடிக்கிறது. "முந்தி பிரமாதம்ணே" என்று சென்னைச் சேலைக் கடைக்காரர் சொல்வது கணீரென்று கேட்கும். விலைக்கு வரும்போது ரோபோ குரல்.

இந்த அழைப்பில் பேச்சு பெரும்பாலும் 20 மில்லிவினாடித் துண்டுகளாகக் கிளம்புகிறது. முன்னே பின்னே வருபவற்றை பஃபர் என்ற தற்காலிக நினைவகம் நிறுத்தி வரிசையாக்கும். ரொம்பப் பிந்தியது கழிவு; ரோபோ குரல் அங்கேதான் பிறக்கிறது. பஃபரைப் பெரிதாக்கினால் குரல் சீராகும், ஆனால் தாமதம் கூடி, "சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று மரியாதையிலேயே பொழுது போகும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ.

வைஃபையில் குரலுக்கு முன்னுரிமை தரும் 802.11இ தரம் 2005-லேயே வந்துவிட்டது. அடுத்த அறையில் படம் இறக்கும் பேரனுக்கு அது தெரியவேண்டுமே!

"கூலி பாக்கி எப்போ?" என்ற கேள்விக்கு மட்டும் எந்த பஃபரும் போதுவதில்லை.