பரம்பரைப் பெருமை

பிரிட்டனில் மனித மரபியல் படிக்க விரும்பும் பிள்ளை, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள் வரை குறிக்கலாம். கையேட்டைத் திறந்தால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சம்பந்தம் பேச வந்த வீட்டாரைப் போலப் பரம்பரைப் பெருமையை எடுத்துவிடும். படிப்பே பரம்பரையைப் பற்றியது என்பதால் கொஞ்சம் துருவிப் பார்ப்பதில் தவறில்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்கு வம்சம் பெரிது. 1911இல் இறந்த அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் விட்டுச்சென்ற பணத்தில், 'உயர்ந்த' மனிதர்களைப் பெருக்கி மற்றவர்களைக் குறைக்கும் யூஜெனிக்ஸ் என்ற துறைக்கே அங்கு பேராசிரியர் பதவி பிறந்தது. பிறகு அந்தப் பதவி சத்தமில்லாமல் மனித மரபியலாக மாறியது. விரிவுரை மண்டபத்திலிருந்து கால்டனின் பெயரை எடுக்க மட்டும் 2020 வரை நல்ல நாள் அமையவில்லை.

லெஸ்டர் வேறு ரகம். மரபியலாளர் அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் டிஎன்ஏ கைரேகையைக் கண்டுபிடித்த ஊர். 2012இல் அங்கே கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புக்கூடு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்று நிறுவியதும் லெஸ்டர் பல்கலைக்கழகம்தான். இன்று வாழும் உறவினர்களோடு ஒப்பிட்டபோது தாய்வழி டிஎன்ஏ பொருந்தியது. தந்தைவழி ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. இடைப்பட்ட தலைமுறைகளில் எங்கோ ஒரு பிரபுவின் வாரிசு அந்தப் பிரபுவின் பிள்ளை இல்லை! பல நூற்றாண்டுக் குடும்ப ரகசியத்தை ஆய்விதழில் அச்சேற்றிய நாகரிகத்தை மெச்சத்தான் வேண்டும்.

பெருமை இருக்கட்டும், மனித மரபியல் பட்டம் வாங்கினால் டாக்டர் ஆகிவிட முடியாது. மரபணு ஆலோசகராக அதற்கு மேலும் முதுநிலைப் படிப்பு வேண்டும். ஆகவே பரம்பரைப் பெருமையை விட்டுவிட்டு, ஆய்வகத்தில் எத்தனை மாதம் செய்முறைப் பயிற்சி தருவார்கள் என்று கேளுங்கள்.