இரண்டு மடங்கு வேகத்தில் அம்மா

மன்னார் பள்ளிமுனையில் இருந்து அம்மா வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார். வெள்ளவத்தையில் பஸ்ஸில் தொங்கியபடி அதை நான் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்பேன். மீன் விலை, சோளகக் காற்று, மடுத் திருவிழாவுக்கு யார் யார் வருகிறார்கள், எல்லாம் அடுத்த பஸ் ஸ்டாண்டுக்குள் முடிந்துவிடும். மகன் கடமையும் முடிந்துவிடும்.

இப்பேர்ப்பட்ட மகன்தான், மறதிநோயைப் பேச்சை வைத்தே கணினியால் முன்கூட்டிப் பிடிக்கலாம் என்று எங்கோ வாசித்துவிட்டு, அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கப் புறப்பட்டேன். அல்சைமரில் பெயர்கள்தான் நேரத்தோடு நழுவத் தொடங்கும். சொல் வரவேண்டிய இடத்தில் ஒரு தயக்கம். பெயருக்குப் பதில் "அது", "உந்தச் சாமான்". பேச்சு நீளும், சேதி குறையும். கணினி எண்ணுவது இவற்றைத்தான். நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக்கின் 1954ஆம் ஆண்டு முதல் நாவலையும் 1995ஆம் ஆண்டுக் கடைசி நாவலையும் ஒப்பிட்டு, கடைசியில் சொல்வளம் சுருங்கிப்போயிருந்ததை 2005இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நோய் இன்னதென்று தெரியுமுன்னரே எழுதி முடித்த நாவல் அது.

அம்மா நாவல் எழுதவில்லை. பழைய குரல் செய்திகளாவது இருக்குமே என்று தேடினால், ஃபோனில் இடமில்லை என்று நான் அழித்தவற்றோடு அவையும் போயிருந்தன. இருந்திருந்தாலும், அந்த வேகத்தில் கேட்டவன் எந்தத் தயக்கத்தைக் கண்டிருக்கப்போகிறேன்?

ஊருக்குப் போய்ப் புதிதாகப் பதிவு செய்தேன். ஓரிடத்தில் நீண்ட மௌனம். நெஞ்சு பதறியது. திருப்பிப் போட்டுக் கேட்டபோதுதான், படலையடியில் வந்து நின்ற கழுதையைக் கலைக்க அம்மா எழும்பிப் போனது விளங்கியது. மன்னார்க் கழுதைகளை அறிந்த மென்பொருள் இன்னும் வரவில்லை. பேச்சை எழுத்தாக்கும் செயலி, அம்மா சொன்ன "கழுதை"யைக் "கவிதை" ஆக்கிவைத்திருந்தது.

அடுத்தது படம். 1972இல் வெளியான பாஸ்டன் பேச்சிழப்புப் பரிசோதனையில் வரும் கோட்டோவியம். தாய் பாத்திரம் துடைக்கிறாள், தொட்டி நிரம்பி வழிகிறது, பின்னால் மகன் முக்காலியில் ஏறி பிஸ்கட் களவெடுக்கிறான், முக்காலி சரிகிறது. பிட்ஸ்பர்க்கில் முதியவர்கள் இதைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்ன பதிவுகளில்தான் இந்தத் துறையின் கணினிகள் பல பழகியிருக்கின்றன.

"முதல்ல பைப்பைப் பூட்டச் சொல்லு தம்பி. நல்ல தண்ணியெல்லே."

"இல்லையம்மா, படத்தில என்ன நடக்குதெண்டு சொல்லுங்கோ."

"பெடியன் விழப்போறான். தாய்க்காரி பிராக்குப் பாக்கிறா. வேறென்ன?"

பதில் மிகச் சுருக்கம் என்று கவலையோடு குறித்துக்கொண்டேன். இரவு படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பெரிதாக வேறொன்றும் இல்லைதான்.

காது மந்தமானாலும், மனம் சோர்ந்தாலும், தைராய்டு குறைந்தாலும்கூடப் பேச்சு தடுமாறலாம், பேச்சை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, வைத்தியர் பார்த்துச் சொல்லவேண்டும் என்று நான் வாசித்த அதே கட்டுரையில் இருந்தது. அந்தப் பந்தியை நான் தாண்டிப் போயிருக்கிறேன். கட்டுரையையும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் வாசித்திருக்கிறேன் போல.

கடைசிச் சோதனை, ஒரு நிமிடத்துக்குள் மிருகங்களின் பெயர்களைச் சொல்வது. ஊருக்கு ஏற்றபடி மீன் என்று மாற்றினேன். அறக்குளா, பாரை, கட்டா, சீலா, விளை, ஓரா, கிளாத்தி, முரல், திருக்கை, சூடை... அம்மா மூச்சு விடவில்லை. நேரம் முடிந்த பிறகும் சுறாவில் வகை பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபோனைத் தன் கையில் வாங்கி, "இப்ப நீ சொல்லு" என்றார்.

அறக்குளா, பாரை, சூடை என்று கம்பீரமாகத் தொடங்கினேன். அதற்குப் பிறகு ஒரு தயக்கம். "அது... உந்த, முள்ளுக் கூடின மீன்..." அம்மா நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மற்றது... டின்மீன்."

டின்மீனைக் கணக்கில் எடுக்க அம்மா மறுத்துவிட்டார்.